கலைஞனுக்குரிய காணி: கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி வரலாறு

ஜெயபுரத்தில் என் இல்லத்துத் திண்ணைக்கு மாலை வேளைகளில் நன்னூற் பாடங் கேட்க வரும் மாணாக்கருள் ஒருவன் சித்திரம் எழுதுவதிற் பெருவிருப்புடையவன். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்திலேயே அவன் எழுதுவான். சென்ற திங்களில் ஒரு நாள் பாடம் முடிந்த பின்னும் எழுந்து செல்லாது இருந்தான். பின்னர்ச் சட்டைப் பையினின்றும் மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். இளம் ஓவியரை அழைத்து, மூன்று திங்கள் தங்க இடமும் உணவும் தீந்தைக்குப் பணமும் அளித்து, முடிவில் அவர்தம் படங்களைக் காட்சிக்கு வைக்கும் நிலையம் ஒன்றின் விண்ணப்பப் படிவம் அது. இதற்கு முன் பங்குகொண்ட கண்காட்சிகள் யாவை என்று அதில் ஒரு வினா இருந்தது. கண்காட்சி வைக்க உதவி கேட்பவனிடமே முன்பு வைத்த கண்காட்சிகளின் பட்டியலைக் கேட்டால் அவன் எங்கே போவான் ஐயா என்று என்னை வினவினான். புணர்ச்சி விதி எதனைக் கேட்டாலும் உடனே விடை பகரும் எனக்கு இதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவு என் நினைவு கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி அவர்களிடம் சென்றது. கலைஞன் எதை உண்டு வாழ்கின்றான், எங்கே தங்குகின்றான், யாருக்காகச் செய்கின்றான், செய்ததை எங்கே வைக்கின்றான் என்னும் வினாக்களை எழுப்பிக்கொண்டு, நம் நாட்டின் ஊர்கள்தோறும் நடந்து விடை தேடியவர் அவர். கொழும்பு 7இல் அவர் பெயர் தாங்கிய வீதி ஒன்று உண்டு. தேசியக் கலைக்கூடம் அவ்வீதியில்தான் இருக்கின்றது. ஜோர்ஜ் கீற் பெயரால் அமைந்த அறநிலையத்தார் 1993இல் தொடக்கிய கலாபொல என்னும் ஓவியச் சந்தை கூடுவதும் அவ்வீதியோரத்திலேயே. பல மாவட்டங்களிலிருந்தும் ஓவியரும் சிற்பியரும் வந்து, திறந்த வெளியில் தம் படைப்புகளை வைத்து, வருவோர் போவோர்க்கு விற்கின்றனர். அவ்வாறு கடை விரிப்போருள், வீதியின் பெயருக்குரிய பெரியார் கண்காட்சி என்பதன் பயனையே ஐயுற்று வினவியவர் என்பதை அறிந்தோர் மிகச் சிலராகவே இருத்தல் வேண்டும்.

கலாயோகியின் தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி. யாழ்ப்பாணத்துத் தமிழ்க்குடி வழியில் வந்து, கொழும்பிற் செல்வமும் செல்வாக்கும் பெற்று விளங்கிய சைவர். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் ஆங்கில நாட்டில் வழக்கறிஞராகும் உரிமையை முதன்முதலாக 1863இல் பெற்றவர் அவரே. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அவ்வாண்டிலேயே இலண்டனில் வெளியிட்டார். பின்னர்ப் பாளி நூல்களையும் ஆங்கிலமாக்கினார். பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் என்னும் உடன்பிறந்தார்க்கு அவர் தாய்மாமனார். இங்கிலாந்திற் கென்ற் மாகாணத்தைச் சேர்ந்த எலிசபெத் கிளே பீபி என்னும் அம்மையாரை அவர் மணந்தார். இவ்விருவர்க்கும் 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் நாள் கொழும்பிற் கொள்ளுப்பிட்டியிற் பிறந்தவர் ஆனந்தர். தாய் பிறந்த மாகாணத்தின் நினைவாகக் கென்ரிஷ் என்பதும் அவர் பெயருக்கு இடையில் வைக்கப்பட்டது.

குழந்தைக்கு இரண்டு அகவை நிரம்புமுன், 1879 மே மாதத்தில், கடல் கடந்து மனைவியையும் மகவையும் சேரவிருந்த வேளையில் தந்தையார் கொழும்பிற் காலமானார். ஆகவே இலங்கைத் தமிழரின் பெருமைக்குரிய இம்மகனார் தாயின் கையில், ஆங்கில நாட்டிலேயே வளர்ந்தார். குளொஸ்ரர்சயர் மாகாணத்து விக்கிளிவ் கல்லூரியிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார். பயின்றவை தாவர நூலும் மண்ணியலும். கலை பற்றிய ஒரு பட்டமும் அவர் பெற்றாரல்லர் என்பதைப் பட்டம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர் கருதுவாராக.

1903இல் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக அவர் வந்தார். அப்போது அகவை இருபத்தைந்து. மலைநாட்டில் ஆற்றுமணலை அரித்து ஆராய்ந்தபோது அதுவரை எவரும் அறியாத கனிப்பொருள் ஒன்றை 1904இற் கண்டார். தோரியனைற்று என்று அதற்குப் பெயர் வைக்கப்பட்டது. அதனை வைத்து ஆய்வு செய்தே மறு ஆண்டில் ஒற்றோ ஹான் என்னும் செருமானிய அறிஞர் இலண்டனிற் கதிர்வீசும் புதுப்பொருள் ஒன்றைக் கண்டறிந்தார். இந்த ஒரு துறையிலேயே நின்றிருந்தாலும் குமாரசுவாமிக்கு நிலைத்த புகழ் உண்டாகியிருக்கும். ஆனாற் கல்லைத் தேடிச் சென்றவரின் கண் கல்லோடு நிற்கவில்லை.

மண்ணியல் ஆய்வாளன் நகரத்தில் இருந்து வேலை செய்ய முடியாது. மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் உள்ளூர்களுக்குச் சென்று கூடாரமடித்துத் தங்குதல் வேண்டும். அவ்வாறு கண்டி நாட்டுச் சிற்றூர்களிற் குமாரசுவாமியும் அவர்தம் முதல் மனைவியார் எதெல் அம்மையாரும் தங்கினர். பகலிற் பாறைகளைப் பார்த்தவர், மாலையிற் கொல்லனின் உலையருகிலும் தட்டானின் பட்டறையிலும் பாய் முடைவோர் முற்றத்திலும் அமர்ந்தார். அம்மையார் ஒளிப்படம் எடுத்தார். ஊர்ப்புறத்து விகாரைச் சுவரில் ஓவியம் எழுதிய சிற்றூரானின் பரம்பரையையும், அவன் நிறம் கூட்டும் முறையையும், அவன் உழும் வயலின் பரப்பையும் குமாரசுவாமி ஒருங்கே கேட்டெழுதினார். இதுவே அவருடைய தனிச் சிறப்பு என்பேன். அழகைப் பேசியோர் பலர் இருந்தனர். அழகைச் செய்தவன் வீட்டு நெற்குதிரைப் பற்றிக் கேட்டவர் அரியர்.

கேட்டதனால் அவர் அறிந்தது யாது? கண்டி அரசர் காலத்திற் கலைஞனுக்குக் கூலி என்பது பெரும்பாலும் நாணயமாகக் கொடுக்கப்படவில்லை, காணியாகக் கொடுக்கப்பட்டது. அரச பணிக்குரிய கம்மியர் ஒரு பகுதியாக வகுக்கப்பட்டிருந்தனர். அவருள் உயர்ந்தோர் நான்கு பட்டறைகளைச் சார்ந்தவராய், அரண்மனைக்குரிய பொன்வேலை, தந்தவேலை, ஓவியம், படைக்கலம் முதலியவற்றைச் செய்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் வயலும் தோட்டமும் இருந்தன. அவற்றை உழுது உண்ணலாம். பிள்ளைகளுக்கு வழிவழியாக விடலாம். அதற்கு ஈடாக ஆண்டின் குறித்த நாள்களில் அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ தொழில் செய்து கொடுத்தல் வேண்டும். புத்தாண்டிலே தன் கைத்திறன் காட்டும் பொருள் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்தல் வேண்டும். பாக்குவெட்டி போன்ற சிறுபொருளும் அதற்குப் போதும். பெருந்திறலாளருக்குப் பட்டமும் செப்பேட்டிற் பொறித்த நிலமும் அளிக்கப்பட்டன. ஊரை விட்டு வந்து பணி செய்யுங்கால் உணவு பண்டசாலையிலிருந்து வந்தது. இக்காலத்தார் உதவித்தொகை என்றும் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு என்றும் தனித்தனியே விண்ணப்பித்துப் பெறுவன யாவும் அக்காலத்தில் ஒரு துண்டு வயலுக்குள் அடங்கியிருந்தன.

காட்சிக்கு வைத்தல் என்பதும் அவர்க்குப் புதிதன்று. விகாரையில் உருவம் முடிந்த பின் கண் திறக்கும் சடங்கு நடக்கும். உருவத்தை நேரே நோக்காது, கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்தபடி, ஓவியன் கண்மணியை எழுதுவான். அவ்வேளையில் ஏனையோர்க்கு உள்ளே இடமில்லை. பின்னரே கதவு திறக்கும். ஊர் முழுவதும் திரண்டு வணங்கும். ஓவியனுக்குத் துணியும் பிற பரிசும் கிடைக்கும். அதன் பின் அவ்வுருவைக் காண எவரும் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. இச்சடங்கினைக் குமாரசுவாமி மிக விரிவாக எழுதி வைத்துள்ளார்.

தமிழ் அறிந்தார்க்கு இவ்வமைப்பு வியப்பளிக்காது. தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டைப் படித்தோர் அறிவர். முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அங்குக் குடியேற்றி, ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும் ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் கொடுத்தான். நட்டுவர்க்கும் பாடுவார்க்கும் தச்சர்க்கும் கன்னார்க்கும் தட்டார்க்கும் அவ்வாறே பங்குகள் வகுக்கப்பட்டன. தச்சக்காணி என்னும் சொல்லே கல்வெட்டுகளில் வருகின்றது. இறந்தார்க்குப் பதிலாக அவர் சுற்றத்தாருள் அத்தொழில் வல்லாரை வைத்துக்கொள்ளும் விதியும் அக்கோயிலில் இருந்தது. கண்டியில் 1903இற் குமாரசுவாமி கண்டவை, தஞ்சையிற் கல்லிற் பொறிக்கப்பட்ட ஒழுங்கின் எஞ்சிய சுவடுகள் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

எஞ்சிய சுவடுகள் என்றேன். ஏனெனில் அவ்வொழுங்கு அப்போதே குலைந்திருந்தது. 1815இற் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டது. அரண்மனைப் பட்டறைகளுக்கு வேலை கொடுக்க அரசன் இல்லை. 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நீக்கப்பட்டது. கோயிற் காணிகளின் ஊழியம் எஞ்சியிருந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பணமாகச் செலுத்திவிடலாம் என்று வழிவிட்டது. பணம் செலுத்தியவன் வயலை வைத்துக்கொண்டான். உளியைக் கீழே வைத்தான். தலைவர்கள் மேல்நாட்டுத் தளபாடம் வாங்கினர். விகாரைகள் தகரமும் அச்சடித்த படமும் வாங்கின. இதனைக் கண்டு நொந்தே குமாரசுவாமி 1905இற் கண்டித் தலைவர்களுக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார். பழைய கட்டடங்களையும் அவற்றைப் பேணத் தெரிந்த கம்மியரையும் கைவிடாதீர் என்பது அதன் சாரம். அக்காலத்திலேயே சமூகச் சீர்திருத்தச் சங்கம் ஒன்றை நிறுவித் தலைமை தாங்கினார். அதன் சார்பிலே சஞ்சிகை நடத்தினார். பள்ளிகளில் தாய்மொழிக்கு இடம் வேண்டினார்.

இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒரு தடை எழுப்புதல் என் கடன். இராசகாரியம் கலைஞனுக்குச் சோறிட்டது மெய்; அவனைக் கட்டிப்போட்டதும் மெய். ஓவியன் மகன் ஓவியனாகவே இருத்தல் வேண்டும். உழவன் மகனுக்குத் தூரிகை எட்டாது. காணியை வைத்திருந்தவன் ஊழியத்துக்கு வரேன் என்று சொல்ல இயலாது. அது நீங்கியபோது மூச்சுவிட்டவர் பல்லாயிரவர். குமாரசுவாமி இதனை அறியாதவரல்லர். ஆயினும் அவர் எழுத்திற் பழைய ஒழுங்கின் நிழல் குளிர்ச்சியாகவே விழுகின்றது, அதன் பாரம் தெரிவதில்லை. பெருஞ்செல்வர் வீட்டிற் பிறந்து, தந்தை வைத்த பொருளால் தம் ஆய்வுக்குத் தாமே புரவலராயிருந்தவர்க்குப் பிறப்பினால் வந்த தொழிலின் சுமை முழுவதும் புலனாகாமற் போயிருக்கலாம். இவ்வாறு கூறுவதால் அவர் பெருமை குன்றாது.

1907இல் அவர் இங்கிலாந்து திரும்பினார். அங்கே அவர் தங்கிய இடமும் நம் பொருளுக்கு உரியதே. அஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் இலண்டனின் கிழக்குச் சேரியில் நடத்திவந்த கைவினைஞர் கழகத்தை 1902இற் சிப்பிங் கம்டன் என்னும் நாட்டுப்புற ஊருக்குக் கொண்டு சென்றிருந்தார். தட்டாரும் தச்சரும் அச்சுக்கோப்போரும் தம் குடும்பங்களோடு நகரத்தை விட்டு வந்து அங்குக் குடியேறினர். தொழிற்சாலைப் பொருள்களின் மலிவுக்கு ஈடுகொடுக்க முடியாமற் சில ஆண்டுகளில் அக்கழகம் கலைந்தது. பின்னும் சிலர் அவ்வூரை விடாது, காணித் துண்டுகளிற் பயிரிட்டுக்கொண்டே தம் கைத்தொழிலைச் செய்தனர். கண்டியின் ஓவியன் இழந்த ஒன்றை ஆங்கிலக் கம்மியன் தேடிக்கொண்டிருந்த காட்சி இது.

அவ்வூரை அடுத்த புரோட் கம்டனில் இருந்த பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றை அஷ்பீயைக் கொண்டு புதுப்பித்துக் குமாரசுவாமி இல்லமாக்கிக்கொண்டார். வில்லியம் மொறிஸ் தம் அழகிய நூல்களை அச்சிட்ட கைப்பொறி அங்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பொறியிலேயே, தம் செலவிலும் தம் மேற்பார்வையிலும், இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை 1908இல் அச்சிட்டு முடித்தார். 425 படிகளே அச்சாயின. கண்டிக் கம்மியரின் காணியும் ஊழியமும் குலமும் கருவியும் நிறமும் கோலமும் அந்நூலில் உள. இலங்கைத் தமிழர் ஒருவர் சிங்களக் கம்மியரின் கலைக்குச் செய்த அப்பணிக்கு ஒப்பானது, நம் வடபுலத்துக் கம்மியரின் தேருக்கும் வாகனத்துக்கும் திரைச்சீலைக்கும் அவர் கையாலேயே வாய்க்காமற் போனது நம் குறை.

இனி இந்தியா. அக்காலத்து ஆங்கில அறிஞர் பலர் இந்தியரிடம் கைத்திறன் உண்டு, நுண்கலை இல்லை என்னும் கொள்கையினர். 1910 சனவரியில் இலண்டனில் நடந்த அவையொன்றிற் சேர் ஜோர்ஜ் பேட்வூட் என்பார் தியானத்தில் அமர்ந்த புத்தர் திருவுருவைக் கொழுப்பிட்டு வேகவைத்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டுப் பேசினார். அவ்வவமதிப்புக்கு விடையாக ஹவெல், குமாரசுவாமி முதலியோர் கூடி அவ்வாண்டிலேயே இந்தியா சங்கத்தை நிறுவினர். குமாரசுவாமி கல்கத்தா சென்று தாகூர் குடும்பத்தாரின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கினார். அவனீந்திரநாதரும் அவர் மாணாக்கர் நந்தலால் போசும் புதிய ஓவிய நெறி ஒன்றை அங்கு வளர்த்து வந்தனர். நிவேதிதை அம்மையார் தொடங்கி முடிக்காது மறைந்த புராணக் கதை நூலைக் குமாரசுவாமி நிறைவு செய்து 1913இல் வெளியிட்டபோது அவ்வோவியரின் படங்களே அதற்கு அணியாயின. ஓவியனுக்குப் புகழுரை எழுதுவதினும் வேலை கொடுத்தல் மேல் என்பதை அவர் செயலிற் காட்டினார்.

அலகாபாத்தில் 1910இன் இறுதியில் தொடங்கிய பெருங்கண்காட்சியிற் கலைப்பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதன்பொருட்டு வடநாட்டு அரண்மனைகளிலும் கடைத்தெருக்களிலும் அலைந்தபோது, மொகலாய ஓவியத்தினின்றும் வேறான மரபு ஒன்று இராசபுத்தானத்திலும் இமயத்து மலைச்சாரலிலும் வழங்கியதைக் கண்டார். விலை மதியாது கிடந்த அவ்வோவியங்களைத் தம் பொருளாற் சேர்த்தார். 1916இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த இராசபுத்திர ஓவியம் என்னும் நூல் அம்முயற்சியின் விளைவு.

தமிழர்க்குச் சிறப்பாக உரியது மற்றொன்று. சிவநடனம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை முதன்முதலில் 1912இற் சித்தாந்த தீபிகையில் வெளிவந்தது. திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் சான்றாகக் கொண்டு, ஆடல்வல்லானின் கைகளும் திருவடியும் உணர்த்தும் ஐந்தொழிலை அவர் உலகுக்கு விளக்கினார். 1918இல் நியூயோர்க்கில் அது நூலாயிற்று. பாரிசு மாநகரத்துச் சிற்பி உரோடானும் நடராசத் திருவுருவின் ஒளிப்படங்களைக் கண்டு வியந்து எழுதினார். ஊர்க்கோயிலில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்ற திருமேனி உலகக் கலையாக மதிக்கப்பட்டது இவ்வாறே.

இப்போது இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் மனம் நோகும் இடத்துக்கு வருகின்றேன். பல்லாண்டு தேடிச் சேர்த்த ஓவியங்களையும் திருமேனிகளையும் குமாரசுவாமி தமக்கென வைத்துக்கொள்ள விரும்பவில்லை. காசிமாநகரில் நாட்டுக்குரிய கலைக்கூடம் ஒன்று எழுமாயின் அனைத்தையும் கொடையாகத் தருவேன் என்றார். அவர் கேட்டது கட்டடமும் அதனைப் பேணுதற்குரிய பொருளும் மாத்திரமே. பணம் திரளவில்லை. அரசர் இருந்தனர், வணிகப் பெருஞ்செல்வர் இருந்தனர், பல்கலைக்கழகம் அமைக்க நிதி திரட்டிய தலைவர்களும் இருந்தனர். ஓவியத்துக்கு ஒரு கூரை வேய ஒருவரும் முன்வந்திலர். கொடுப்பவன் வாயிலில் நின்று அழைக்க, வாங்குவார் இன்றிப் போன கொடை அது.

அதற்குள் உலகப் போர் மூண்டது. அடிமைப்பட்ட இந்தியாவின் மகனாகிய தாம் பிரித்தானியருக்காகப் போர்புரியக் கடமைப்பட்டவரல்லர் என்பது குமாரசுவாமியின் நிலை. இங்கிலாந்தில் அவர்க்கு இருப்பு அரிதாயிற்று. 1917இல் அமெரிக்காவிற் பொஸ்ரன் நகரத்து நுண்கலை நூதனசாலைக்கு டென்மன் றொஸ் என்னும் செல்வர் அத்தொகுதியை வாங்கிக் கொடுத்தார். தொகுதியோடு தொகுத்தவரும் சென்றார். நூதனசாலையின் இந்தியக் கலைப்பகுதிக்கு அவரே காப்பாளரானார். இன்று காங்கிராப் பள்ளத்தாக்கின் ஓவியங்களை ஆராய விரும்பும் மாணவன் பொஸ்ரனுக்குக் கடல் கடந்து போதல் வேண்டியிருப்பதன் காரணம் இது.

பொஸ்ரனில் முப்பது ஆண்டுகள். நூல்களும் கட்டுரைகளும் நூற்றுக்கணக்கில் எழுதினார். இந்திய இந்தோனேசியக் கலைகளின் வரலாற்றை 1927இல் வெளியிட்டார். இல்லற வாழ்வில் அவர் நான்கு முறை மணம் புரிந்தவர். அவற்றை விரித்தல் ஈண்டு வேண்டா. முதல் மனைவியார் எதெல் அம்மையாரைப் பற்றி மட்டும் ஒன்று கூறலாம். பிரிந்த பின் அவர் மறுமணம் செய்து எதெல் மைரே என்னும் பெயருடன் இங்கிலாந்திற் பெரும் நெசவுக் கலைஞராக விளங்கினார். டிச்லிங் என்னும் ஊரில் அவர் அமைத்த நெசவுக்கூடத்தில் இளையோர் பலர் தொழில் பயின்றனர். கண்டிச் சிற்றூர்களிற் கண்டது வீண்போகவில்லை.

1924இல் அல்பிரட் ஸ்ரிக்லிற்ஸ் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞரின் 27 படங்களைப் பொஸ்ரன் நூதனசாலை ஏற்றுக்கொண்டது. ஒளிப்படம் கலையாகுமா என்று அறிஞர் ஐயுற்றிருந்த காலம் அது. அக்கலைஞர் அப்போது உயிரோடிருந்தவர். அவர் படங்களுக்கு அக்கதவைத் திறந்துவிட்டவர் குமாரசுவாமி.

அவரே 1941இல் அமெரிக்க நூதனசாலையாளர் கூடிய மாநாட்டிற் கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது எதற்கு என்று வினவிச் சொற்பொழிவு ஆற்றினார். நூதனசாலைச் சம்பளத்தில் வாழ்ந்தவர் நூதனசாலைகளின் அடித்தளத்தையே தட்டிப் பார்த்தார். பழம்பொருளைக் காப்பது நூதனசாலையின் கடமை, ஏனெனில் அவை அழியும்; வாழும் கலைஞனின் படைப்பைத் தொங்கவிடுவது அதன் கடமையன்று என்பது அவர் கருத்து. இன்று கண்ணாடிப் பெட்டியுள் இருக்கும் கிண்ணம் ஒருவன் பருகுதற்குச் செய்யப்பட்டது. திருவுருவம் வழிபடுதற்குச் செய்யப்பட்டது. காட்சிக்கென்றே செய்யப்பட்ட ஒன்று அவற்றுள் இல்லை. வாழும் கலைஞனுக்கு வேண்டுவது அவனிடம் ஒரு பொருளைச் செய்து தா என்று கேட்கும் ஊர். கேட்பார் இல்லாத ஊரிற் கண்காட்சி என்பது அந்த இன்மையை மறைக்கும் திரை. அவர் வாதத்தை நான் இவ்வாறு விளங்கிக்கொள்கின்றேன். 1943இல் அது நூலாக வெளிவந்தது.

ஸ்ரிக்லிற்சுக்குக் கதவு திறந்தவர் இவ்வாறு பேசலாமா என்று கேட்பார் கேட்கலாம். முரண் உண்டு, அதனை மூடி மறைத்தல் பெரியார்க்குச் செய்யும் மரியாதையன்று. கூரைக்காக இரந்து நின்றவர், கூரை கிடைத்த பின் கூரை எதற்கு என்றார். ஆனால் 1905ஆம் ஆண்டு மடலையும் 1941ஆம் ஆண்டுச் சொற்பொழிவையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவார்க்கு இரண்டிலும் கண்டி வயலோரத்து ஓவியன் ஒருவனே நிற்பது புலப்படும்.

அவர் வினவிய பின்னும் ஓவியர் கண்காட்சிகளைத் தேடியே சென்றனர். வேறு வழி அவர்க்கு இல்லை. யாழ்ப்பாணத்திற் சித்திர ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை முதலியோர் 1938இல் வின்சர் கலைக்கழகத்தை அமைத்துப் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். அரசனும் காணியும் அற்ற காலத்திற் பள்ளி ஆசிரியர் ஒருவரே ஓவியர்க்குத் துணைநின்ற கதை அது.

எழுபதாம் அகவையை 1947 ஓகஸ்டில் நிறைவு செய்தார் கலாயோகி. அதற்கு ஒரு கிழமை முன்னரே இந்தியா விடுதலை பெற்றிருந்தது. பணியினின்றும் ஓய்வு பெற்று இந்தியா திரும்பி, இமயச் சாரலில் எஞ்சிய நாளைக் கழிக்க அவர் எண்ணியிருந்தார். அவ்வாண்டு செத்தெம்பர் 9ஆம் நாள் பொஸ்ரனை அடுத்த நீடம் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தில் உயிர் நீத்தார். அவரைப் பற்றிய செய்திகளையும் மடல்களையும் உலகெங்குமிருந்து தேடித் தொகுத்தவர் மலாயாவில் வாழ்ந்த துரைராசசிங்கம் என்னும் தமிழர். அவரும் ஒரு பள்ளி ஆசிரியரே.

இவ்வளவையும் மறுநாள் மாலையில் என் மாணாக்கனுக்குச் சொன்னேன். அவன் பொறுமையோடு கேட்டான். பின்னர், அந்தக் கண்டிக் காணிகளில் ஓவியக் குலத்திற் பிறவாத தன்னைப் போன்றவனுக்கு ஒரு துண்டேனும் கிடைத்திருக்குமா என்றான். கிடைத்திராது என்றேன். படிவத்தை நிரப்பலாமா என்றான். நிரப்பு என்றேன்.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலின் எலி வாகனத்துக்குப் புதிதாக நிறந்தீட்டியவன் அவன். கண் எழுதிய அன்று கோயிலார் அவனுக்கு ஒரு வேட்டியும் சிறிது பணமும் கொடுத்தனர். பிள்ளையார் அதன்மேல் ஏறி வீதிவலம் வந்தபோது ஊரே கண்டது. முன்னர்ப் பங்குகொண்ட கண்காட்சிகள் யாவை என்னும் வினாவுக்கு எதிரே அவன் அந்த வாகனத்தின் பெயரையும் திருவிழா நடந்த நாளையும் எழுதியுள்ளான். படிவத்தின் ஏனைய பகுதிகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால், அடுத்த கிழமை அங்கிலிப்பாட ஆசிரியரிடம் கொண்டு செல்லவிருக்கின்றான்.